கண்டக்டர் சம்பந்தி

“கொஞ்சம் உள்ள போம்மா. பின்னாடி இவ்ளோ இடம் இருக்குல்ல? வாசல்லயே நின்னா மத்தவங்க எப்படி ஏறுறது?” என்று ஒரு செவ்வந்திச் செடியின் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறார் என் சம்பந்தியம்மாள். செடிக்குத் தோள் உண்டா என்று கேட்காதீர்கள். அவர் அழுத்தும்போது உண்டு. வேரைக் குழியில் இறக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மண்ணைத் தள்ளி, பக்கத்துச் செடியையும் ஒரு இடி இடித்து நகர்த்திவிட்டு, “ம், இப்ப சரி. இன்னும் ரெண்டு பேர் நிக்கலாம்” என்று எழுந்திருக்கிறார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த வரிசையை அவர் பார்க்கும் பார்வையில், டிக்கெட் எடுக்காத செடி ஒன்று இருந்தால் தானாகவே மடியில் கைவிட்டுத் துழாவும்.

அவர் பஸ் கண்டக்டர். என் பெண்ணுக்கு மாமியார். வேலை நாளில் காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கழுத்தில் விசில். லீவு நாளிலும் அதே பை, அதே விசில். பைக்குள் மட்டும் டிக்கெட்டுக்குப் பதிலாகக் களைக்கொத்து, கத்தரிக்கோல், சணல் கயிறு.

மெதுவாகப் பேச அவருக்கு வராது. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பைக் கேட்டால் கடைசி சீட்டுக்குக் கேட்கும். வீட்டுக்குள் நடக்கும்போதும் கால்களை அகட்டி வைத்துத்தான் நடப்பார், தரை எந்த நேரமும் வளைவில் திரும்பிவிடும் என்பதுபோல. டீ குடிக்கும்போது ஃப்ரிட்ஜில் இடுப்பைச் சாய்த்துக்கொள்வார். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், எந்தக் காகிதம் கிடைத்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, அப்புறம் அதை வீடு முழுக்கத் தேடுவார். சாப்பாடு போடும்போது “யாரெல்லாம் வாங்கலை? யாரெல்லாம் வாங்கலை?” என்று கேட்டுக்கொண்டே வருவார். மேஜையில் இருப்பது நானும் என் பெண்ணும்தான்.

அவர் செடி வைக்கும் இடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஊரில் பாழாய்க் கிடக்கும் இடம் எத்தனையோ இருக்கிறது. அவர் கண்ணுக்கு வண்டி நிற்கும் இடம் மட்டும்தான் தெரியும். சிக்னல், நிறுத்தம், பாலத்தடியில் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் முடுக்கு. “ஓடிட்டு இருக்கும்போது எதுக்குங்க பூ? யாரு பாக்கறது? வண்டி நிக்குது பாருங்க, அங்கதான் மனுஷனுக்குக் கடுப்பு ஏறுது. டிரைவரைத் திட்டுவான், அப்புறம் என்னைத் திட்டுவான். கண்ணை எங்கயாவது வெச்சான்னா வாய் கொஞ்சம் அடங்கும்ல?” என்பார். ஊரை அழகுபடுத்த வந்தவர் என்று பலர் அவரைப் புகழ்கிறார்கள். தன்னை யாரும் திட்டாமல் இருக்கத்தான் ஆரம்பித்தார். எனக்குத் தெரியும்.

நாங்கள் இருக்கும் வீட்டுக்கு எதிரே மூன்று தெருக்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் முக்கோணமாக ஒரு திட்டு. யாருக்குச் சொந்தம் என்று யாருக்கும் தெரியாது. உடைந்த கமோடு, ஒற்றைச் செருப்பு, மழையில் ஊறிய மெத்தை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதைத்தான் சம்பந்தியம்மாளும் அவருடைய கூட்டமும் இன்று பூத்துக் கிடக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். அனுமதி? “கேட்டா ‘இல்ல’ம்பாங்க. கேக்காம வெச்சா ‘யாரு வெச்சது’ம்பாங்க. அந்த ரெண்டாவது கேள்வி வர்றதுக்குள்ள செடி வேர் பிடிச்சிடும்.”

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை. பல் டாக்டர் ஒருவர் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வருவார். களையை வேரோடு பிடுங்கி எடுக்கும்போது மட்டும் அவர் முகம் மலரும். டயர் கடைக்காரர் பழைய டயர்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துத் தொட்டியாகக் கொண்டுவருவார். அவ்வப்போது வருகிற சிலர். அப்புறம் என் பெண். விசில் ஒரு தரம் ஊதினால் எல்லாரும் கையில் இருப்பதை நிறுத்த வேண்டும். இரண்டு தரம் ஊதினால் சாமான்களோடு கலைந்துவிட வேண்டும். படித்த டாக்டர், விசில் சத்தம் கேட்டதும் மண்வெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் கண்ணால்தான் பார்த்தேன். முதல் மாடி ஜன்னலில் உட்கார்ந்து.

என் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. படியில் வழுக்கி முழங்கால் போய், ஆபரேஷன் ஆகி, “நீ நல்லா ஏறி இறங்கற வரைக்கும் இங்கயே இரும்மா” என்று பெண் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சம்பந்தி வீட்டில் காலை நீட்டி உட்கார எனக்குப் பிடிக்கவே இல்லை. சம்பந்தியம்மாள் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்கு மாத்திரை, முதுகுக்குத் தலையணை, எனக்கு என்று காரம் குறைத்த குழம்பு. அதுதான் கஷ்டம். ஒரே ஒரு குறை வைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் பெண் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். என் வீட்டில் இருந்தவரை அவள் ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. “மண்ணு நாறுதும்மா” என்பாள். லீவு நாளில் எழுப்பப் போனால் தலையணையால் அடிப்பாள். இங்கே விடியும் முன்னால் வாசலில் நின்றுகொண்டு, “அத்தை, கிளம்பலாமா?” என்கிறாள். அவளைப் பெற்றவள் நான். அந்தக் குரலில் இருந்த துள்ளலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. “இதோ வந்துட்டேன் கண்ணு” என்கிறார் அவர். கண்ணு என்பது நான் அவளைக் கூப்பிட்ட பெயர்.

“நானும் வரேனே. ஓரமா நின்னுக்கறேன்” என்று நானே வாய்விட்டுக் கேட்டேன்.

“நீங்க ரெஸ்ட் எடுங்க சம்பந்தி. அங்க உக்காரக்கூட இடமில்ல.”

“அம்மா, குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ ஜன்னல்ல இருந்து பாரு.”

“ஜன்னல்ல இருந்து பாக்க நான் என்ன பூனையா?”

இருவரும் சிரித்தார்கள். ஒரே மாதிரி சிரித்தார்கள், கழுத்தைப் பின்னால் சாய்த்து. என் பெண் முன்பெல்லாம் அப்படிச் சிரிக்க மாட்டாள். என் வயிறு எரிந்ததை நான் மறைக்கப் போவதில்லை.

என்னை வரவேண்டாம் என்ற அதே வாய்தான் என் பெயரில் ஒரு மோதிரத்தைத் தொலைத்தது. ஒரு லீவு நாள் காலை, விசில் ஊத நேரம் இல்லாமல் நகராட்சி மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து முக்கோணத்தின் முன்னால் இறங்கிவிட்டார்.

“என்னம்மா பண்றீங்க எல்லாரும்? யாரு உங்களைத் தோண்டச் சொன்னது?”

“மோதிரம் சார். என் சம்பந்தியோட மோதிரம் விழுந்துடுச்சு. தேடிட்டு இருக்கோம்.”

“மோதிரம் தேட எதுக்குப் பூச்செடி?”

“அடையாளத்துக்கு சார். தேடி முடிச்ச இடத்துல ஒண்ணொண்ணு வெச்சுட்டு வரோம். இல்லன்னா தேடின இடத்துலயே திரும்பத் தேடுவோம்ல?”

அவர் செடிகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தார். “அந்தச் சம்பந்தி எங்க?”

“அதோ பாருங்க, மேல. மனசு உடைஞ்சு உக்காந்திருக்காங்க.”

மேற்பார்வையாளர் அண்ணாந்து பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு, “சீக்கிரம் தேடிட்டுக் கிளம்புங்க” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் என்னை ‘மோதிரம்மா’ என்று கூப்பிடுகிறது. நான் மோதிரமே போட்டதில்லை. என் பெயர் வேண்டும், என் கண்ணீர் வேண்டும், நான் மட்டும் வேண்டாம்.

பால்கனியில் அவர் நாற்று வளர்க்கிறார். பால் பாக்கெட்டைக் கத்தரித்து மண் நிரப்பி, வரிசை வரிசையாக வைத்து, நடுவில் ஒரு ஆள் போய்வர வழி விட்டிருக்கிறார். பூக்கப் போகிறவை முன் வரிசை. முளைத்தவை பின் வரிசை. சனிக்கிழமை சாயங்காலம் செக்கிங். வாடியது, வெளுத்தது, சொன்ன காலத்துக்குள் வளராதது எல்லாம் வாளிக்குப் போய்விடும். “இறங்கு, இறங்கு. அடுத்த வண்டியில வா” என்பார். அடுத்த வண்டி என்றால் குப்பை வண்டி.

“பாவம், இன்னும் கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாமே” என்றேன் ஒரு தடவை.

“ஒருத்தருக்காக நின்னா பின்னாடி வர்றதெல்லாம் நிக்கும் சம்பந்தி” என்றார், இரக்கமே இல்லாமல்.

வாளியில் அன்று ஒரு கொத்து டேபிள் ரோஸ் கிடந்தது. நிழலில் வளர்ந்து தண்டு நீண்டு, நூல் மாதிரி இளைத்து, ஒரு மொட்டுகூட இல்லாமல். அவர் கைகழுவப் போனபோது அதை எடுத்து ஈரத் துணியில் சுருட்டி என் மருந்துப் பைக்குள் வைத்தேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்றதை வைத்தே அவரை ஜெயிக்க வேண்டும்.

ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். பெண் அதற்கு ஒரு எல்லை போட்டிருந்தாள். “முக்கு வரைக்கும்தான் போகணும். ரோட்டைத் தாண்டினேன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான் அம்மா, அப்புறம் ஹால்லயே நட.” சோபாவிலிருந்து டிவிவரை நடப்பதற்குப் பெயர் நடையா? ஜெயிலில்கூட அதைவிட இடம் கொடுப்பார்கள்.

முக்குக்கு அப்பால், ரோட்டைத் தாண்டினால், மூடிப்போன பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் தூணைச் சுற்றி, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. சிகரெட் துண்டும் டீக் கப்புமாக நிரம்பியிருந்தது. தொட்டிக்கு மேலே ஒரு போர்டு. எனக்கு எழுத்து தெரியாது. செடி வைக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியாது என்பது ஒரு வசதி.

இடுப்பு உயரம் என்பதால் குனிய வேண்டாம். ஆக டாக்டர் பேச்சை நான் தட்டவில்லை. பெண்ணின் பேச்சைத்தான் தட்டினேன். இதைப் பத்திரிகையில் சொல்கிறாயே, அவள் படித்துவிட மாட்டாளா என்று கேட்பீர்கள். அவளுக்குப் படிக்க ஏது நேரம்? ஓய்வெல்லாம் அத்தையோடு மண்வெட்டி பிடிக்கவே சரியாக இருக்கிறது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க வாங்கிய ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று என்னிடம் இருந்தது. அதில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கயிறு கட்டித் தோளில் மாட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு, மறுகையில் ஊன்றுகோலோடு கிளம்புவேன். பார்க்கிறவர்கள் பாவம் என்று வழி விடுவார்கள். ரோட்டைத் தாண்டும்போது கார்கூட நிற்கும். ஒரு பழைய ஸ்பூன்தான் என் மண்வெட்டி. குப்பையைக் கிளறி எடுத்துவிட்டு, அந்த இளைத்த தண்டுகளைக் கிள்ளிக் கிள்ளி ஊன்றினேன்.

அந்த ரோட்டில்தான் சம்பந்தியம்மாள் வண்டி போகும். பங்க்குக்கு நேர் எதிரே சிக்னலில் நிற்கும். வண்டி நம்பரைப் படிக்க எனக்குத் தெரியாவிட்டாலும், அது வளைவில் வரும்போதே குரல் வந்துவிடும். “படியில நிக்காத! உள்ள வா, உள்ள வா!” அதைக் கேட்டதும் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். குரல் தேய்ந்து மறைந்த பிறகு வெளியே வருவேன். இத்தனை வருஷம் அவர் கத்திய கத்தலில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

அந்தத் தொட்டிக்கு நாள் முழுக்க வெயில். டேபிள் ரோஸுக்கு அதுதான் வேண்டியிருந்ததோ என்னவோ, பிடித்துக்கொண்டது பாருங்கள். இளைத்த தண்டு கொழுத்தது. ஆரஞ்சு, மஞ்சள், ரோஜா நிறம் என்று தொட்டியின் விளிம்பில் வழிந்து தொங்க ஆரம்பித்தது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறக்கும். வண்டிகள் சிக்னலில் நிற்கும்போது ஜன்னல்களில் தலைகள் திரும்புவதைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்ப்பேன். நான் வேறு எதற்கும் அவ்வளவு நேரம் ஒளிந்து நின்றதில்லை.

சம்பந்தியம்மாளைச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த முதல் நாள் வீட்டுக்கு வந்தவர், “மூடின பங்க்ல யாரோ செடி வெச்சிருக்காங்க கண்ணு! நம்மளைப் பாத்துதான் வெச்சிருக்காங்க” என்று பூரித்துப்போனார். சில நாள் கழித்து, “ரொம்ப நெருக்கி வெச்சிருக்காங்க. ஓவர்லோடு. தாங்காது” என்றார். தாங்கியது. அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டார். ஆனால் அவருடைய பஸ் டிரைவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, சிக்னல் வந்தாலே அக்கா டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு இடது பக்க ஜன்னலுக்குப் போய்விடுகிறார் என்று சொல்லிச் சிரித்தார். சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை.

என் பெண்தான் எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றினாள். “அத்தை, இன்னிக்குப் பாத்தேன்! என்ன கலரு அது! யாரோ தெரியல, ஆனா அவங்க கையில என்னமோ இருக்கு.”

“கையில ஒண்ணும் இல்ல. வெயில் இருக்கு. அவ்ளோதான்.”

“நம்ம முக்கோணத்துலயும்தானே வெயில் அடிக்குது?”

சம்பந்தியம்மாள் குழம்புச் சட்டியை மூடினார். மூடி எழுப்பிய சத்தம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில என்னமோ இருக்கு. என் பெண் என் சமையலைக்கூட அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சோற்றை நான் மெல்லவே மறந்துபோனேன்.

அதோடு அவர் விடவில்லை. “அந்த ஆரஞ்சு நம்ம பால்கனி ஜாதி. எங்கிட்ட இருந்துதான் யாரோ எடுத்திருக்காங்க” என்று கண்டுபிடித்தார். பழி பல் டாக்டர் மேல் விழுந்தது. லீவு நாளில் முக்கோணத்தில் வைத்தே விசாரணை.

“டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. பிடுங்கற கை உங்களோடதுதான்.”

“ஐயோ அக்கா, நான் பல்லைக்கூடக் கேக்காம எடுத்தது இல்ல.”

“பல்லைக் கேட்டா எடுக்கறீங்க? போன வாரம் என் டிரைவருக்கு நல்ல பல்லை எடுத்துட்டீங்களே!”

இந்தச் சண்டை ஜன்னல்வரை கேட்டது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதன் முடிவில் டயர் கடைக்காரர் சொன்ன யோசனை எனக்குச் சந்தோஷமாக இல்லை. எதற்கு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வேண்டும், பங்க்குக்கே போய் நின்றுவிட்டால் யார் என்று தெரிந்துவிடுமே என்றார். என் பெண் துள்ளிக் குதித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் லீவு போடுவதாகவும், அவளும் டயர் கடைக்காரரும் பங்க்கில் மறைந்து நிற்பதாகவும் முடிவானது. “கண்டுபிடிச்சு நம்ம கூட்டத்துல சேத்துக்கலாம் அத்தை. நல்லா செய்யறவங்கன்னா விசிலை அவங்ககிட்டயே குடுத்துடலாம்” என்று வேடிக்கையாகச் சொன்னாள். சம்பந்தியம்மாளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

வியாழக்கிழமை நான் கடைசித் தடவையாகக் கிளம்பினேன். பிடிபட்டால் ஹாலும் டிவியும்தான் என்று தெரியும். இனி எப்போது வருவோமோ என்று, ஸ்பூனைக்கூட வைத்துவிட்டு விரலாலேயே தொட்டியைக் கிளறினேன். நெருக்கமாக இருந்ததைப் பிரித்து வைத்தேன். வாடிய பூவைக் கிள்ளினேன். பழைய எண்ணெய் ஊறிய கறுப்பு மண் அது, கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் குரல் வருகிறதா என்று ஒரு காதை வளைவின் பக்கம் வைத்துக்கொண்டுதான் செய்தேன். குரல் வரவில்லை. தைரியமாக வெந்நீர்ப் பையைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தேன்.

முதுகில் என்னமோ உறுத்தியது. திரும்பினேன். சிக்னலில் வண்டி நிற்கிறது. படியில் ஒரு காலும் வெளியே பாதி உடம்புமாகச் சம்பந்தியம்மாள். வாய் இறுக மூடியிருந்தது. அந்த வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் மற்றவர்கள் பிடிப்பதற்கு முன்னால் தானே பிடித்துவிட வேண்டும் என்று, குரலை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் பார்த்தது என்னை. முந்தானைக்குள் ரப்பர் பை, அதிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

விளக்கு பச்சையானது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் திரும்பிப் பார்த்தார். விசில் வரவில்லை. கடைசியில் உள்ளே இருந்த யாரோதான் “அட, போலாம் ரைட்!” என்று கத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். உள்ளங்கை வெளுத்தது, நகக்கண் வெளுக்கவில்லை. சாயங்காலம் சம்பந்தியம்மாள் பெண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார். படியேறும்போதே கேட்கும் சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர் குடித்தார். என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

“எத்தனை நாளா?”

“நடக்க ஆரம்பிச்சதுல இருந்து.”

“ரோட்டைத் தாண்டி?”

“பின்ன, பறந்தா போனேன்?”

“அவளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?”

“சொல்லிக்கோங்க. உங்க மருமகதானே.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்கிறவரைப் போல, “என்ன உரம் போட்டீங்க?” என்றார்.

“ஒண்ணும் போடல.”

“ஒண்ணும் போடாம அப்படி வராது.”

“வந்திருக்கே.”

“சொல்லாட்டிப் போங்க.”

“போடாததை எப்படிச் சொல்றது?”

கீழே என் பெண்ணின் குரல் கேட்டது. டயர் கடைக்காரரிடம் நாளைக் காலைத் திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தாள், எந்தப் பக்கம் யார் நிற்பது என்று. சிரிப்பு கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம்.

“கையைக் காட்டுங்க” என்றார் சம்பந்தியம்மாள்.

“எதுக்கு?”

“காட்டுங்கன்னா!”

போர்வையை விலக்கி அவரே என் கையை இழுத்தார். விளக்கைப் போட்டு, நகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கறுப்பாகக் கோடு. கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். பெருவிரலில் ஆரம்பித்து, நகக்கண்ணில் நுனியை விட்டு மண்ணைச் சுரண்டி எடுத்தார். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை மாதத்தில் அவர் எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், தலையணை வைத்திருக்கிறார். கையைப் பிடித்ததில்லை. தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தார். வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பூட்டில் சாவி திரும்பியது. சுண்டுவிரல் மிச்சம். அவர் என் கையை விடாமல், கதவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். கதவு திறப்பதற்குள், ஊசி முனையில் திரண்டிருந்த என் மண்ணைத் தன் காக்கிச் சட்டையின் முன்பக்கத்தில், பங்க் தொட்டியைக் கிளறியது அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும்படி, துடைத்துக்கொண்டார்.